பங்கிட முடியாத பழம்பதிகள்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நின்று போயிருந்த கப்பல் யாத்திரை, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் தொடங்கப்பெற்றதும், விரைவிலேயே தடைப்பட்டு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திரும்பவும் நடைபெறலானதும், தமிழ்நாட்டு மக்கள் பலருக்கு அத்தீவைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசையை எழுப்பியிருக்கின்றன. பிரயாணம் எளிதாகிவரும் இக்காலத்தில், அங்கே எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எத்தகைய மனோபாவத்தோடு பார்ப்பது என்பதே நாம் முதலில் சிந்திக்க வேண்டிய விஷயம் என்று கருதுகிறேன்.

அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, காலி, தம்புள்ளை ஆகிய ஆறு ஸ்தலங்களும் 1982க்கும் 1991க்கும் இடையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றவை. இவை அனைத்தையும் இரண்டு மூன்று நாட்களில் சுற்றிக் காட்டிவிடுகிறோம் என்று அழைக்கும் சுற்றுலா வியாபாரிகள் ஒருபுறம் இருக்க, அங்குள்ள ஒவ்வொரு கல்லையும் தங்கள் இனத்தின் பெயரில் எழுதப்பட்ட நிலப்பட்டாவாகத் தூக்கிக் காட்டுகிறவர்கள் மறுபுறம் இருக்கின்றனர். முன்னவர் சரித்திரத்தை அவசரத்தில் இழக்கின்றனர். பின்னவர் அதை ஆவேசத்தில் இழக்கின்றனர். இப்பழம்பதிகளில் நிதானமாக நடந்து, கல்வெட்டையும் சிற்பத்தையும் குளக்கரையையும் கவனித்துப் பார்க்கிற எவருக்கும், இவற்றைச் சிங்களவர் பங்கு என்றும் தமிழர் பங்கு என்றும் பிரித்துவிட முடியாது என்பது விளங்கும் என்பதும், பிரிக்க முற்படுவது அச்செல்வத்தையே பாழாக்குவதில் முடியும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

அநுராதபுரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டு தொடங்கி கி.பி. 11ஆம் நூற்றாண்டின் ஆரம்பம் வரையில் பெரும்பாலும் இத்தீவின் ராஜதானியாக விளங்கிய அந்நகரத்தில், அசோகச் சக்கரவர்த்தியின் புத்திரி சங்கமித்திரை கொணர்ந்த போதிக் கிளையிலிருந்து வளர்ந்ததாகப் போற்றப்படும் மரம், இருபத்திரண்டு நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் கடந்து இன்றும் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. மகாசேன மன்னன் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஜேதவன தூபி, பூரணமாக இருந்த காலத்தில் 122 மீட்டர் உயரம் கொண்டிருந்தது என்றும், எகிப்தின் கீசாவில் உள்ள இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால் பண்டைய உலகத்தில் அதற்கு நிகரான உயரமுடைய கட்டடம் இல்லை என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன தேசத்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிய பாஹியான் என்னும் யாத்ரீகர், புத்தர் சிலையின் முன்னால் ஒரு வியாபாரி காணிக்கையாக வைத்திருந்த தம் நாட்டுப் பட்டு விசிறியைக் கண்டதும் ஊர் நினைவு மேலிட்டுக் கண்ணீர் விட்டதாகத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றைய அநுராதபுரம் எத்தனை தேசத்து மனிதர்கள் வந்து போன இடம் என்பதற்கு அந்தக் கண்ணீரே போதிய சாட்சி.

அதே நகரத்தின் அபயகிரி விகாரைப் பகுதியில், தமிழ் இல்லறத்தார் கூடியிருந்த மண்டபம் ஒன்றைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு உள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே வெட்டப்பட்ட அக்கல்வெட்டில் கப்பல் தலைவன் ஒருவனுக்குரிய ஆசனமும் குறிக்கப்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, கடல் கடந்து வாணிகம் செய்த தமிழர் அங்கே அந்நியராக ஒதுங்கி நிற்காமல், நகரத்தின் கௌரவமுள்ள குடிகளாகவே வாழ்ந்தனர் என்று கொள்வதில் தடையொன்றும் இல்லை.

இவ்விடத்தில் எல்லாளனைப் பற்றிச் சொல்லாமல் செல்ல முடியாது. சோழ நாட்டிலிருந்து வந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் அநுராதபுரத்தில் அரசாண்ட அவனைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அவனைப் போரில் வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகக் கொண்டு பௌத்த பிக்குவாகிய மகாநாமர் இயற்றிய மகாவம்சத்தின் மூலமாகவே ஆகும். நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்று அந்நூல் அவனைப் புகழ்கிறது. திருவாரூரின் மனுநீதிச் சோழனைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த, கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த அதே கதையை அவன் சரித்திரமாக எடுத்துரைக்கிறது. வென்றவன், வீழ்ந்தவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டான் என்றும், நூல் எழுந்த காலத்திலும் மன்னர்கள் அதைக் கைக்கொண்டனர் என்றும் அது தெரிவிக்கிறது. மகாவம்சத்தைத் துவேஷத்தின் மூலநூல் என்று சொல்லி ஒதுக்குகிற தமிழரும், அதையே துவேஷத்துக்கு ஆதாரமாக ஏந்துகிற சிங்களவரும், பகைவனைக் கௌரவித்த இந்தப் பகுதியை மனம் பொருந்திப் படித்ததில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

விகாரைகளையும் தூபிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற பிரயாணி, அவற்றைத் தாங்கி நின்ற நீரைப் பார்க்கத் தவறிவிடுகிறான். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த வடமத்திய சமவெளியில் லட்சக்கணக்கான செங்கற்களைச் சுட்டு அடுக்குவதற்கும், ஆயிரக்கணக்கான பிக்குகளுக்குத் தினந்தோறும் அன்னமிடுவதற்கும் ஆதாரமாயிருந்தவை குளங்களே. தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் அமைத்த கலாவெவ என்னும் குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுவந்த கால்வாயின் நீளம் ஐம்பத்து நான்கு மைல். அதன் முதல் பதினேழு மைலில், மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு வைத்திருக்கின்றனர். நவீனக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் தரையின் மட்டத்தை அத்தனை நுட்பமாகக் கணித்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் அறிவை எண்ணும்போது, எந்தத் தூபியின் முன்னும் நில்லாத அளவுக்கு மனம் வியந்து நிற்கிறது. மகனாகிய காசியப்பன் தந்தையைச் சிறைப்படுத்திப் பொக்கிஷம் எங்கேயென்று கேட்டபோது, தாதுசேனன் அக்குளத்துக்குச் சென்று அதன் நீரைக் காட்டி, தன் செல்வம் அவ்வளவுதான் என்று கூறியதாகச் சரித்திரம் சொல்கிறது. தந்தையைக் கொன்ற அம்மகன், பழிக்கு அஞ்சி ஏறி அமர்ந்த குன்றுதான் சிகிரியா. அங்கே பாறையில் வரையப்பட்ட மங்கையரின் ஓவியங்களையும், மழைக்காலத்தில் இன்றும் நீர் பீச்சும் ஊற்றுக்களையும் வியக்கிறவர்கள், அவ்வோவியங்களின் பக்கத்திலுள்ள கண்ணாடிச் சுவரையும் நின்று பார்க்க வேண்டும். நூற்றாண்டுகள் தோறும் அங்கு வந்து போன சாமானிய ஜனங்கள் தங்கள் மனத்தில் எழுந்ததையெல்லாம் செய்யுளாக அதில் கீறிச் சென்றனர். செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்த நூலில் அவற்றுள் 685 செய்யுட்கள் இடம் பெற்றுள்ளன. மன்னன் பதினெட்டு ஆண்டுகள் ஆண்டு மடிந்தான். ஜனங்களின் கவிதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.

பொலன்னறுவைக்குச் செல்லும் தமிழனுக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழ வேண்டும் என்பேன். 993இல் முதலாம் இராஜராஜனின் சேனை அநுராதபுரத்தை அழித்தது. 1017இல் இலங்கை மன்னனாகிய ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே உயிர் நீத்தான். விகாரைகளின் செல்வமும் தாதுகோபங்களின் உள்ளறைகளும் சூறையாடப்பட்டன என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சம் துயரத்தோடு எழுதுகிறது. சோழரின் வீரத்தைப் பேசும்போது மார்பை நிமிர்த்துகிற நாம், இந்தக் கொள்ளையைப் பேசும்போது தலையைக் குனிவதும் தர்மமே. எல்லாளனின் நீதிக்கு உரிமை கொண்டாடுகிறவன் இந்த அநீதியின் பாரத்தையும் சுமந்தாக வேண்டும். அதே சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று அதற்குப் பெயரிட்டு, அங்கே எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிவன் கோயில், தஞ்சை மண்ணிலிருந்து பெயர்த்து வைத்தது போலச் சிறிய உருவில், ஏறக்குறைய சிதைவின்றி இன்றும் நிற்பதைக் காணும்போது எழுகிற பெருமிதமும் நியாயமானதே.

ஆயினும் பொலன்னறுவையின் உண்மையான அதிசயம், சோழர் அங்கே வந்ததில் இல்லை. அவர்கள் போனபின் நடந்ததில் இருக்கிறது. 1070இல் நகரத்தை மீட்ட முதலாம் விஜயபாகுவும், அவன் வழியில் வந்து 12ஆம் நூற்றாண்டில் அதை உலகறியச் செய்த பராக்கிரமபாகுவும், பகைவர் கட்டிய கோயிலென்று அதைத் தரைமட்டமாக்கவில்லை. நடராஜரும் உமையும் நாயன்மாரும் அடங்கிய அழகிய வெண்கலத் திருமேனிகள் இந்நகரத்தின் சிவாலயங்களிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. பௌத்த விகாரைகளின் வாயிற்படியில் பதிக்கும் சந்திரவட்டக்கல்லில் அநுராதபுரக் காலத்தில் யானை, குதிரை, சிங்கம், எருது என நால்வகை விலங்குகளைச் செதுக்கிய சிற்பிகள், பொலன்னறுவையில் எருதைக் காலால் மிதிபடும் இடத்திலிருந்து விலக்கிவிட்டனர். நந்தியாகப் போற்றப்படும் விலங்கு என்ற மரியாதையே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இவற்றையெல்லாம் விடச் சிறந்த சான்று, தலதா எனப்படும் புத்தரின் புனித தந்தத்தை வைத்திருந்த ஆலயத்தின் அருகே உள்ள வேளைக்காரர் கல்வெட்டு. வேளைக்காரர் என்போர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிப்படையினர். சோழர்மீது படையெடுக்க விஜயபாகு ஆணையிட்டபோது மறுத்துக் கலகம் செய்தவர்கள். அத்தகையோரே அம்மன்னன் மறைந்தபின், அவன் எழுப்பிய தந்த ஆலயத்தைத் தங்கள் குலம் உள்ளளவும் காப்போம் என்று பிரதிக்ஞை செய்து, அதைத் தங்கள் பாஷையாகிய தமிழில் கல்லில் பொறித்து வைத்தனர். சிங்கள பௌத்தத்தின் மிகப் புனிதமான பொருளுக்குத் தமிழ்ச் சேனை காவல் நின்ற செய்தியைத் தமிழ்க் கல்வெட்டே சொல்லும்போது, இந்த நகரத்தை எந்தக் கோட்டால் இரண்டாகப் பிரிப்பது? கல்விகாரையில் ஏறத்தாழ நாற்பத்தாறு அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட கோலத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பெற்ற புத்தரின் முகத்தில் நிலவும் சாந்தத்தைக் கண்டு கைகூப்புகிறவனிடம் குலமும் மொழியும் கேட்பது எத்தனை பெரிய அபசாரம்!

தம்புள்ளைக் குகைகளிலும் கண்டியிலும் இதே பாடத்தைப் பிற்காலச் சரித்திரம் திரும்பக் கற்பிக்கிறது. தமிழ்ப் படையெடுப்பாளரிடம் நாட்டை இழந்த வட்டகாமினி அபயன், கி.மு. முதல் நூற்றாண்டில் தம்புள்ளைக் குகைகளில் ஒளிந்து வாழ்ந்து, அரசை மீட்டபின் நன்றியோடு அவற்றைக் கோயிலாக்கினான் என்பது ஐதிகம். பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து அக்குகைகளின் சுவர்களையும் விதானங்களையும் புதிய ஓவியங்களால் நிறைப்பித்தவனோ, மதுரைச் சீமையிலிருந்து கண்டிக்குச் சென்ற நாயக்கர் வம்சத்து மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். சைவச் சூழலில் பிறந்த அவனுடைய ஆதரவினாலேயே 1753இல் சயாம் தேசத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் துறவுப் பரம்பரை திரும்ப நிலைநாட்டப்பட்டது. கண்டிப் பெரஹரா என்னும் திருவிழாவில் தலதா ஊர்வலத்தின் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. கதிர்காமத்தான் நம் முருகன், பத்தினி நம் கண்ணகி. நாயக்கர் வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் அரசிழந்து, 1832இல் வேலூரில் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய நினைவிடம் உள்ளது. கண்டியின் சிற்பங்களையும் கைத்தொழில்களையும் உலகத்துக்கு அறிமுகப்படுத்தி 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமியும் ஈழத் தமிழர் ஒருவரின் புதல்வரே.

தெற்கே காலியில் 1911இல் அகப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லைக் காண்பதற்கென்றே ஒருவர் கடல் கடக்கலாம். சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொணர்ந்த அக்கல்லில், சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், பொன்னும் வெள்ளியும் பட்டுமாக ஏறக்குறைய ஒரே அளவான காணிக்கைகள் செலுத்தப்பட்டதாக எழுதியிருக்கிறது. அன்றைய இலங்கையை வெளியிலிருந்து பார்த்த ஓர் அந்நியருக்கு, அத்தீவில் ஒரு தெய்வத்தை மட்டும் வணங்கிவிட்டுப் போவது அவமரியாதை என்று தோன்றியிருக்கிறது. அந்தத் தெனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளினர். பின்னர் 17ஆம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கும் அக்கதியே நேர்ந்தது.

வடக்கையும் கிழக்கையும் பற்றிச் சொல்லும்போது என் மனத்தில் வருத்தம் மிகுகிறது. 2010 வரையில் உலக மரபுப் பட்டியலில் ஏறிய இலங்கையின் எட்டு இடங்களில் ஒன்றேனும் அவ்விரு மாகாணங்களில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் சின்னஞ்சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன; நயினாதீவில் நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒரே தீவைப் பகிர்ந்துகொள்கின்றன. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளி, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, அதற்குத் தமிழர் அளித்த தானங்களைத் தமிழ்க் கல்வெட்டுக்களில் பதிவு செய்து வைத்திருக்கிறது. வடக்கில் தூபி கிடைத்தால் அது சிங்களவருடையது என்று ஒரு சாரார் உரிமை கோருவதும், கிடைத்தது தூபியே இல்லை என்று மற்றொரு சாரார் மறுப்பதும், இந்தப் பள்ளியின் முன்னே ஒருசேர அர்த்தமற்றுப் போகின்றன. மணிமேகலை பிறந்த மொழியைப் பேசுகிற நாம், பௌத்தத்தை அந்நிய மதமென்று எண்ணுவதற்கு ஏது நியாயம்?

இத்தகைய பொதுச் செல்வம் நம் காலத்தில் பட்ட பாடு சொல்லத் தரமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1985 மே மாதத்தில் அநுராதபுரத்தின் மகாபோதி மரத்தருகே வழிபட வந்திருந்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1998 ஜனவரியில் கண்டித் தலதா மாளிகையின் வாயிலில் வெடிகுண்டு வெடித்தது. இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கண்ணீர் விடுகிறவனுடைய கண்ணீரில் சத்தியம் இல்லை. போர் ஓய்ந்த பின்னும் முல்லைத்தீவின் குருந்தூர்மலை போன்ற இடங்களில் தொல்பொருளின் பெயரால் தகராறு தொடர்கிறது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபைப் பேணுவதற்கென்று நியமிக்கப்பெற்ற ஜனாதிபதி செயலணியில், அம்மாகாணத்தில் பெரும்பான்மையோர் தமிழரும் முஸ்லிம்களுமாக இருந்தும், தமிழர் ஒருவரேனும் முஸ்லிம் ஒருவரேனும் முதலில் இடம் பெறவில்லை. தோண்டுகிற கையும் தீர்ப்பு வழங்குகிற வாயும் ஒரே சாராருடையவையாக இருக்கும்போது, மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கும் எந்தச் செய்தியையும் மற்றவர் நம்புவதற்கில்லை.

நம் பக்கத்திலும் குறை உண்டு. 2013 மார்ச்சில், தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வந்திருந்த இலங்கைப் பௌத்த பிக்கு ஒருவர் தாக்கப்பட்டார். ஈழத் தமிழர் பட்ட துன்பத்தின் மேல் எழுந்த கோபம் எத்தனை நியாயமானதாயினும், இராஜராஜன் கட்டிய கோயிலைத் தரிசிக்க வந்த விருந்தினன்மேல் கை வைத்தது, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமாக அளித்த அந்த இராஜராஜனுக்கே இழுக்குச் செய்ததாகும்.

ஆகவே இரு கரையாரும் செய்ய வேண்டியவை சில உண்டு. இலங்கை அரசு, தொல்லியலுக்குப் பொறுப்பான சபைகள் ஒவ்வொன்றிலும் சிங்கள, தமிழ், முஸ்லிம் அறிஞர்களைச் சம அந்தஸ்தோடு அமர்த்த வேண்டும். வேளைக்காரர் கல்வெட்டின் பொருளையும் எல்லாளனுக்குத் துட்டகைமுனு செய்த மரியாதையையும் மூன்று மொழிகளிலும் அந்தந்த ஸ்தலத்திலேயே எழுதி வைப்பதோடு, பாடப் புத்தகங்களிலும் இடம் பெறச் செய்ய வேண்டும். வெல்கம் விகாரையையும் கந்தரோடையையும், யாரிடமிருந்து யாரைக் காப்பது என்ற எண்ணமின்றி, எல்லோருக்காகவும் காக்க வேண்டும். தமிழ்நாட்டின் சர்வகலாசாலைகள் பாலியையும் சிங்களத்தையும் கற்பிக்க முன்வர வேண்டும்; அண்டை நாட்டின் நூல்களை அதன் மொழியிலேயே படிக்கத் தெரிந்தவர் நம்மிடையே விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்வரை, அந்நாட்டைப் பற்றி நாம் உரத்துப் பேசுவதெல்லாம் அரைகுறை அறிவாகவே முடியும்.

கப்பலேறியோ விமானமேறியோ அங்கே செல்லும் நம்மவர், கோணேசரையும் கேதீச்சரத்தையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடாமல், அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் கண்டிக்கும் சென்று, அங்குள்ள ஜனங்களோடு ஒரே வரிசையில் நின்று மலர் சாத்தி வர வேண்டும். அங்கிருந்து வருகிறவர்களை நாம் தஞ்சையிலும் நாகையிலும் உபசரித்து வரவேற்க வேண்டும். அரசுகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்கள் கிழிபட்டுப் போகலாம். ஒருவர் முன்னோரை ஒருவர் மதிக்கக் கற்றுக்கொண்ட ஜனங்களைப் பிரிப்பது எந்த அரசுக்கும் எளிதன்று.